டாப்ஸ்பின் வர புது ராக்கெட் வாங்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: என் மகளுக்கு 15 வயது. மாவட்ட அளவிலான டென்னிஸ் போட்டிகளில் ஆடுகிறாள். வாரம் ஐந்து நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. கையில் இருப்பது 98 சதுர அங்குலத் தலை, 18×20 பின்னல் (நெடுக்கே 18, குறுக்கே 20 ஸ்ட்ரிங்), ஸ்ட்ரிங் இல்லாமல் 305 கிராம் எடையுள்ள ராக்கெட். எட்டு மாதத்துக்கு முன் 58 பவுண்டு டென்ஷனில் (இழுவிசையில்) நைலான் ஸ்ட்ரிங் போட்டோம், இன்னும் அறுபடவில்லை. அடியில் பலம் இருக்கிறது. ஆனால் பந்து தட்டையாகவே போகிறது, ஓங்கி அடித்தால் பேஸ்லைனைத் தாண்டி விழுகிறது. ‘ஸ்பின் ராக்கெட்’ ஒன்று வாங்கச் சொல்கிறார் கோச். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பலன் இருக்குமா? எனக்கு வயது 49. வாரம் மூன்று நாள் டபுள்ஸ் ஆடுகிறேன், முழங்கையில் வலி உண்டு. வாங்கினால் அதையே நானும் வைத்து ஆடலாமா? — ஒரு தந்தை, திருச்சி

பதில்:

இப்போதைக்கு ராக்கெட் வாங்காதீர்கள். முதலில் ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள். ஒரு தடவை மாற்ற ஆகும் செலவு நீங்கள் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மாற்றிய பிறகு ஒரு மாதம் ஆடட்டும். அதன் பிறகும் தேவை இருந்தால் எந்த ராக்கெட் என்று முடிவு செய்வது சுலபம். உங்கள் கோச் சொல்வது தவறில்லை. அவர் குறிப்பிடும் ரகம் டாப்ஸ்பினுக்கு, அதாவது பந்து முன்னோக்கிச் சுழன்று சீக்கிரம் கீழே இறங்குவதற்கு, உதவும். ஆனால் எட்டு மாதம் பழகிய நைலானோடு ஒரு ராக்கெட்டை எடைபோட முடியாது.

பந்து சுழல்வதற்குக் காரணமானவற்றை அவற்றின் பங்குக்கு ஏற்ப வரிசைப்படுத்தினால் முதலில் வருவது வீச்சு, அதாவது ராக்கெட் தலை கீழிருந்து மேலே எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. இரண்டாவது ஸ்ட்ரிங். மூன்றாவது பின்னல். எடையும் சமநிலையும் வீச்சின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதால் கணக்கில் வருகின்றன. தலையின் அளவும் சட்டத்தின் தடிமனும் கடைசியில்தான். கடை விளம்பரத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும்.

வீச்சைப் பற்றிக் கோச் அன்றாடம் சொல்லிக்கொண்டிருப்பார், ஆகவே ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் நின்று ஃபோர்ஹேண்டை மொபைலில் ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். கை முன்னோக்கி வரத் தொடங்கும் கணத்தில் ராக்கெட் தலை, பந்தைத் தொடப்போகும் உயரத்துக்குக் குறைந்தது ஒரு சாணாவது கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த ராக்கெட்டும் எந்த ஸ்ட்ரிங்கும் பந்தைச் சுழற்றித் தராது.

இனி ஸ்ட்ரிங். பலர் நினைப்பதுபோல அது பந்தை ‘கடித்துப் பிடித்து’ச் சுழற்றுவதில்லை. பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்கு நேரம்தான். ராக்கெட் மேல்நோக்கி ஏறும்போது பந்து அதன் பரப்பில் அழுந்தி, நெடுக்காக ஓடும் மெயின் ஸ்ட்ரிங்குகளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. பந்து கிளம்புவதற்குள் அந்த மெயின்கள் தம் இடத்துக்குச் சட்டென்று திரும்பி, போகிற போக்கில் பந்தின் முதுகைத் தள்ளிவிடுகின்றன. கூடுதல் சுழற்சி அந்தத் தள்ளலில் கிடைப்பது. அதிவேகக் கேமரா வந்த பிறகுதான் இது தெளிவாகப் புலப்பட்டது. எனவே பார்க்க வேண்டியது ஸ்ட்ரிங்குக்கும் பந்துக்கும் உள்ள உராய்வு மட்டுமல்ல. மெயினுக்கும் குறுக்கே ஓடும் கிராஸுக்கும் இடையிலான உராய்வு எவ்வளவு குறைவோ, மெயின் அவ்வளவு தடையின்றி வழுக்கிப் போய்த் திரும்பும்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். மகளின் ராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து நடுப்பகுதியைக் கவனியுங்கள். மெயின்கள் நேராக இல்லாமல் பாம்புபோல வளைந்து, விலகிய இடத்திலேயே நின்றிருக்கும். பாயின்ட்டுக்குப் பாயின்ட் அவள் விரலால் அவற்றைத் தள்ளிச் சரிசெய்வாள். ஒரு மெயினை நகத்தால் மெல்ல ஒதுக்கிப் பாருங்கள். கிராஸ் அதைத் தொடும் இடத்தில் சின்னப் பள்ளம் தெரியும். நைலான் மென்மையானது, ஆடஆட ஒன்றையொன்று அறுத்துப் பள்ளம் போடும். பள்ளத்தில் உட்கார்ந்த மெயின் நகர்ந்தால் திரும்பி வராது. அப்புறம் வீச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கடைசித் தள்ளல் கிடைக்காது.

ஸ்ட்ரிங் நகர்ந்தால் பந்து எவ்வளவு சுழலும் என்பதை டென்னிஸ் உலகம் 1977இல் கண்டது. ‘ஸ்பகெட்டி’ ராக்கெட் என்று ஒன்று வந்தது. அதில் மெயின்கள் கிராஸோடு பின்னப்படாமல் இரண்டு அடுக்காகத் தனியே நின்று இஷ்டத்துக்கு வழுக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் இறுதியாட்டத்தில் இலியே நஸ்டாசே அதை வைத்து ஆடினார். களிமண் தளத்தில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் வென்றிருந்த கில்லெர்மோ விலாஸ், இரண்டு செட் இழந்ததும் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார். உலக டென்னிஸ் கூட்டமைப்பு அதைத் தடை செய்தது, ஸ்ட்ரிங்குகள் ஒன்றோடொன்று பின்னப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்க வேண்டும் என்று விதியும் எழுதியது. பின்னல் விதிக்குள் நின்றுகொண்டே அந்தப் பலனில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தது பாலியெஸ்டர் ஸ்ட்ரிங். 1997இல் தரவரிசையில் 66ஆம் இடத்தில் இருந்த குஸ்தாவோ குவெர்தன் அதைக் கொண்டு பிரெஞ்சு ஓபனை வென்றார். அதன் பிறகு ஆட்டமே மாறியது. ஃபோர்ஹேண்ட் சுழற்சியைக் கேமராவில் அளந்தபோது, 1990களில் ஆடிய சாம்ப்ராஸ், அகாசி காலத்துப் பந்துகள் நிமிடத்துக்கு 1,800–1,900 சுற்று சுழன்றன. நடாலுடையது சராசரியாக 3,200. வேறுபாட்டில் பெரும்பங்கு நடாலின் கைக்கு உரியது. ஆனால் அந்தக் கை அவ்வளவு வேகமாக வீசியும் பந்து கோர்ட்டுக்குள் விழ இடம் கொடுத்தது ஸ்ட்ரிங்.

உங்கள் மகளுக்குப் போட வேண்டியது: மென்மையான ரகப் பாலியெஸ்டர், 1.25 மில்லிமீட்டர், 48 பவுண்டு, அதாவது 21.8 கிலோ. நைலானிலிருந்து பாலிக்கு மாறும்போது வழக்கமாகப் பத்து சதவீதம் குறைப்பார்கள். அந்தக் கணக்குப்படி 52 வரும். அவளுடைய 18×20 நெருக்கமான பின்னல் என்பதால் பரப்பு ஏற்கெனவே விறைப்பாக இருக்கும், வளரும் கை வேறு. அதனால் இன்னும் நான்கைக் குறைக்கச் சொல்கிறேன். நடால் 55 பவுண்டில் ஆடினார் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பின்பற்ற வேண்டாம். ஆட்டத்துக்கு ஆட்டம் புது ஸ்ட்ரிங் போட்டுக்கொள்பவருடைய 55 அது. டென்ஷனை ஏற்றினால் ஸ்பின் கூடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். டென்ஷன் முக்கியமாக மாற்றுவது பந்து எவ்வளவு தூரம் போகிறது, எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதை.

அறுகோணம், முறுக்கு, சொரசொரப்பு என்று விதவிதமாக விற்கும் ஸ்ட்ரிங்குகளில் மயங்க வேண்டாம். முனைகள் பந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். அதே முனைகள் கிராஸை அறுத்துச் சீக்கிரமே பள்ளம் போட்டு வழுக்கலைக் கெடுக்கும். முதல் தடவை வழவழப்பான வட்டப் பாலியே போதும்.

பாலியில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதை மறைத்து உங்களைக் கடைக்கு அனுப்பக் கூடாது. நைலான் அறுந்து தன் முடிவைச் சொல்லிவிடும். பாலி அறுபடாமலே செத்துப்போகும். போட்ட முதல் நாளிலேயே டென்ஷன் கணிசமாக இறங்கும். பதினைந்து, இருபது மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு மீள்விசை போய்விடும். மெயின் நகரும், திரும்பாது. பந்து எதிர்பாராமல் நீளமாகப் போகும், அதிர்ச்சி முழுவதும் கைக்கு இறங்கும். சிறுவர் சிறுமியருக்கு வரும் கைவலியில் பலவற்றுக்கு மாதக்கணக்கில் மாற்றாத பாலி ஒரு காரணம். உங்கள் மகள் வாரம் ஏழரை மணி நேரம் ஆடுகிறாள், ஆகவே இரண்டரை வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். செட் செட்டாக வாங்கினால் கட்டுப்படியாகாது. 200 மீட்டர் ரீல் ஒன்று வாங்குங்கள். ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் என்றால் பதினாறு தடவைக்கு வரும், பிறகு கூலி மட்டும்தான். ஸ்ட்ரிங் கட்டித் தருபவரிடம் தேதியையும் டென்ஷனையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ராக்கெட்டின் கழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

அவ்வளவு அடிக்கடி மாற்ற முடியாது என்றாலோ, மணிக்கட்டிலோ தோளிலோ வலி என்று அவள் சொன்னாலோ, மெயினில் மட்டும் பாலி 48, கிராஸில் நைலான் 50 என்று கலந்து போடுங்கள். ஸ்பின் கொஞ்சம் குறையும், கைக்கு இதமாக இருக்கும். வலி அப்படியும் விடவில்லை என்றால் பாலியை முழுதாகக் கழற்றிவிடுங்கள். 15 வயதில் கையைவிட ஸ்பின் பெரிதல்ல.

வெயிலில் நிற்கும் காருக்குள் ராக்கெட்டை வைக்காதீர்கள். திருச்சி வெயிலில் டிக்கி அடுப்பாகிவிடும், ஒரு மதியத்திலேயே ஸ்ட்ரிங் தளர்ந்துவிடும்.

மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் பந்து குட்டையாக விழும். நைலான் தன் பங்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வேகம் பாலியில் இருக்காது. அவள் பயந்து பழையபடி தள்ளி அடிக்கத் தொடங்கினால் செலவு வீண். இன்னும் வேகமாக, இன்னும் செங்குத்தாக வீசச் சொல்லுங்கள். பயிற்சிக்கு, நெட்டின் இரு பக்கமும் இரண்டு கம்பு நட்டு, நெட்டுக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்கு மேலே போய் பேஸ்லைனுக்குள் விழ வேண்டும். தட்டையாக ஓங்கி அடித்த பந்து இந்தப் பரீட்சையில் தேறாது.

முன்னேற்றத்தைக் கண்ணால் கணிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. பந்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு மார்க்கரால் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வையுங்கள். நல்ல வெயிலில், நொடிக்கு 240 பிரேம் வேகத்தில், பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பக்கத்திலிருந்து படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, பொட்டு ஒருமுறை தெரிந்து மறுபடி அதே நிலைக்கு வர எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். 14,400ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 12 பிரேம் என்றால் 1,200 சுற்று, 8 என்றால் 1,800. இப்போதைய நைலானோடு பத்து ஃபோர்ஹேண்ட், பாலி போட்டு ஒரு வாரம் கழித்துப் பத்து. சராசரி எடுத்துப் பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் சிக்கல் வீச்சில் இருக்கிறது. புது ராக்கெட்டும் அதைத் தீர்க்காது.

இனி ராக்கெட்டுக்கு வருகிறேன். 18×20 பின்னலில் மெயின்கள் நெருங்கி இருப்பதால் நகர இடம் குறைவு. 16×19இல் இடைவெளி அதிகம், கிராஸும் ஒன்று குறைவு, எனவே மெயின் கூடுதலாக நகரும். பந்து கிளம்பும் கோணமும் சற்று உயரும். பலர் இந்த உயர்ந்த கோணத்தையே ஸ்பின் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஸ்பின் அல்ல. ஆனால் பந்து உயரக் கிளம்புகிறது என்ற நம்பிக்கை வந்தால், அவள் நெட்டுக்குப் பயப்படாமல் ராக்கெட்டின் முகத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து இன்னும் வேகமாக மேலே வீசுவாள், அதனால் ஸ்பின் கூடும். இதற்கு மேலும் திறந்த பின்னல் தேவையில்லை. 2013இல் வில்சன் 16×15 பின்னலில் ‘ஸ்டீம்’ ராக்கெட் கொண்டுவந்தது. பந்து நன்றாகச் சுழன்றது, ஸ்ட்ரிங்கும் அதே வேகத்தில் அறுந்தது. நெருக்கமான பின்னலில் ஸ்பின்னே வராது என்பதும் சரியல்ல. ஜோகோவிச் ஆடுவது 18×19. தட்டையாக, குறிபார்த்து அடிப்பவருக்கும், தாழ்ந்து சறுக்கும் ஸ்லைஸை (பந்தைச் சீவி அடிப்பதை) நம்பி ஆடுபவருக்கும் நெருக்கமான பின்னல்தான் கை சொன்னபடி கேட்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான ராக்கெட் வில்சன் பிளேடு 98. ஒரே சட்டம் 16×19, 18×20 இரண்டிலும் வருகிறது.

தலை 98இலிருந்து 100 ஆவதைப் பெரிதாகப் பேசுவார்கள். அகலத்தில் அது இரண்டரை மில்லிமீட்டர் அளவு வித்தியாசம்தான். செங்குத்தாக வீசும்போது பந்து சட்டத்தில் படாமல் தப்ப அந்த இரண்டரை கொஞ்சம் உதவும். ஃபெடரர் 2014இல் 90ஐ விட்டு 97க்குப் போனபோது கிடைத்தது பெரிய வித்தியாசம். உங்கள் மகளுக்கு அப்படி இருக்காது.

அவள் விஷயத்தில் நான் உண்மையில் யோசிப்பது எடையைப் பற்றி. 305 கிராம் என்பது ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் ஒரு 16 கிராம், மேல்கிரிப் 5 அல்லது 6 கிராம் சேர்த்தால் கையில் இருப்பது கிட்டத்தட்ட 327. அதைவிட முக்கியம் அந்த எடை எங்கே இருக்கிறது என்பது. ராக்கெட்டை ஒரு மரச்சட்ட விளிம்பில் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடிமுனையிலிருந்து அளந்துபாருங்கள். ஸ்ட்ரிங்கோடு 32, 32.5 சென்டிமீட்டர் வந்தால் எடை பிடிப்பக்கம் இருக்கிறது, வீசச் சுலபம். 34ஐ நெருங்கினால் அதே எடை கோடரிபோல இருக்கும். ஸ்பின்னுக்கு வேண்டியது தலையின் வேகம். முதல் செட்டில் வரும் வேகம் மூன்றாவது செட்டிலும் வர வேண்டும். இரண்டாவது செட்டின் கடைசி கேம்களில் அவளைப் படம் எடுத்துப் பாருங்கள். பந்தை உடலுக்கு முன்னே சந்திக்காமல் இடுப்புக்கு இணையாகச் சந்திக்கத் தொடங்கியிருந்தால், ஓட்டமும் நிற்கும் நிலையும் சரியாக இருக்கும்பட்சத்தில், ராக்கெட் அவளுக்குக் கனம். எடையைக் கூட்ட வழியுண்டு, குறைக்க முடியாது. புது ராக்கெட் வாங்க இதுதான் நியாயமான காரணம்.

மாறாக, பலமான எதிராளியின் பந்து பட்டதும் ராக்கெட் கையில் திரும்புகிறது என்றால் ஈயப் பட்டை ஒட்டுங்கள். கால் அங்குல அகலப் பட்டையில் நான்கு அங்குலம் ஒரு கிராம் இருக்கும். தலையின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், முதலில் ஒவ்வொரு கிராம். உச்சியில் ஒட்டாதீர்கள். அங்கே ஒரு கிராம் கூடினாலே வீச்சில் பக்கவாட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் தெரியும்.

வாங்கத்தான் வேண்டும் என்று வந்தால், அவள் பேஸ்லைனில் நின்று ஆடுபவள் என்பதால், 100 தலை, 16×19, 285 முதல் 300 கிராம். பபோலாட் ப்யூர் ஏரோ, யோனெக்ஸ் விகோர் 100, ஹெட் எக்ஸ்ட்ரீம் எம்பி மூன்றும் 300 கிராம் வகை. ப்யூர் ஏரோ டீம் 285. இரண்டாவது செட்டில் கை தளர்ந்தது படத்தில் தெரிந்தால் 285ஐயே எடுங்கள். கடையில் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் ஸ்ட்ரிங்கோடு ஆடிப்பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாரிடமாவது இரவல் வாங்கி, அவளுடைய ராக்கெட்டில் இருக்கும் அதே பாலியை அதே 48இல் போட்டு, இரண்டையும் மாற்றிமாற்றி ஒரு வாரம் ஆடட்டும். அப்போது மட்டும்தான் நீங்கள் ஒப்பிடுவது ராக்கெட்டை. இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்கைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகளின் புது ராக்கெட்டை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். ஸ்பின்னுக்காகச் செய்யப்பட்ட சட்டங்கள் பெரும்பாலும் தடித்தவை, விறைப்பானவை. அதில் பாலியும் சேர்ந்தால் ஏற்கெனவே வலிக்கும் முழங்கைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. டபுள்ஸில் உங்களுக்கு வேண்டியது வாலியில் (பந்து தரையைத் தொடும் முன் அடிப்பதில்) அசையாத தலை, சர்வீஸைத் திருப்பும்போது தாழ்ந்து போகும் பந்து. இரண்டுக்கும் திறந்த பின்னல் அவசியமில்லை. சட்டத்தின் விறைப்பை ‘ஆர்.ஏ.’ என்ற எண்ணில் குறிப்பார்கள். உங்களுக்கு 65க்குக் கீழே இருக்கட்டும். ஸ்ட்ரிங் பல இழை நைலான், 1.30 மில்லிமீட்டர், 50 பவுண்டு. வலி இரண்டு மூன்று வாரம் ஓய்ந்தும் குறையவில்லை என்றால் ராக்கெட் பேச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மகளுக்குப் புது ராக்கெட் வாங்க நேர்ந்தால், அவளுடைய பழைய 98ஐ நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். 18×20 பின்னலில் வரும் 305 கிராம் சட்டங்கள் பொதுவாக மெலிந்தவை, வளைந்துகொடுப்பவை. ஆர்.ஏ. எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடியை அளக்க, ஃபோர்ஹேண்ட் பிடியில் ராக்கெட்டைப் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை நுழையுங்கள். சரியாக அடங்கினால் அளவு பொருத்தம். இடமே இல்லை என்றால் பிடி உங்களுக்குச் சிறியது. மேல்கிரிப் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் பிடி அளவு ஏறக்குறைய அரை எண் ஏறும். சிறிய பிடியை இறுக்கிப் பிடிப்பதும் முழங்கை வலிக்கு ஒரு காரணம், ஆகவே ஸ்ட்ரிங் போடக் கொடுப்பதற்கு முன் இதை முதலில் பாருங்கள்.